நேர்த்தியும் ஆனைக்குட்டியும்

ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை, பின்னேரம் ஐந்து மணி. நான் குசினியில் பயற்றம்பணியாரம் சுட்டுக்கொண்டு நின்றேன். மகள் ஜெனுஷா திங்கட்கிழமை ஒக்லாந்தில் வந்து இறங்குகிறாள். மூன்று மாதமாக சிம்பாப்வேக் காட்டுக்குள் கிடந்து என்னத்தைத் தின்றாளோ, வந்தவுடன் வாயில் போட ஏதாவது இருக்கட்டும் என்றுதான் இந்த அமளி. இரண்டாவது ஈடு எண்ணெயில் கிடக்கும்போது போன் அடித்தது.

"அம்மா, நான் ஜெனு. ஒரு விசயம் கதைக்க வேணும்."

தமிழில் கதைத்தாள். எனக்கு அதுவே பயத்தைத் தந்தது. ஒன்பது வயதில் மன்னாரிலிருந்து வந்தவள். வந்த இரண்டாம் வருடத்திலிருந்து நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலிஷில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். அவளாகத் தமிழில் வாய் திறந்தால், ஒன்றில் காய்ச்சல் அல்லது ஏதோ குழப்படி செய்திருக்கிறாள் என்று அர்த்தம்.

"இண்டைக்குத்தானே கடைசி நாள்? சாமானெல்லாம் அடுக்கிப்போட்டியோ?" என்று கேட்டேன்.

"அடுக்கினனான். பிறகு எல்லாத்தையும் வெளியிலை எடுத்துப்போட்டன்."

"ஏன்?"

"என்னை இங்கை நிக்கச் சொல்லிக் கேக்கினம் அம்மா. ஒரு வருசத்துக்கு. வேலையாய்."

நான் அடுப்பை மறந்துபோனேன்.

அவள் போனது தாய் செத்த ஆனைக்குட்டிகளை வளர்க்கிற ஒரு முகாமுக்கு. பால் கரைத்துப் போத்தலில் கொடுக்க வேண்டும், சாணி அள்ள வேண்டும், இரவுக் குளிருக்குக் குட்டிகளுக்குப் போர்வை போட்டுவிட வேண்டும். சம்பளம் கிடையாது. வொலன்ரியர் என்று அதற்கு ஒரு பெயர். மருந்தாளர் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டவள், பிறகு கணக்கியல் படிப்பை முதலாம் வருடத்திலேயே விட்டவள், பிறகு சுப்பர்மார்க்கெட்டில் நின்று அதையும் விட்டவள், ஒருநாள் டிக்கெட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். போகட்டுமா என்று கேட்கவில்லை. போகிறேன் என்றாள். எங்கள் பக்கத்தில் ஆனை வந்தால் வெடி கொளுத்தித் துரத்துவோம். அந்தச் சனத்தில் பிறந்தவள் ஆனைக்குப் பால் கொடுக்கக் கடல் தாண்டிப் போகிறேன் என்றால் நான் என்னத்தை விளங்கிக்கொள்வது? வயதுபோனவர்களைப் பராமரிக்கிற ரெஸ்ட் ஹோமில் என்னோடு வேலை செய்கிற வெள்ளைக்காரிகள் எவ்வளவு அருமையான காரியம் என்றார்கள். தங்கள் பிள்ளையை அனுப்பிவிட்டுச் சொல்லட்டும் பார்ப்போம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

"ஒரு குட்டி இருக்குது அம்மா," என்றாள் ஜெனுஷா. "அது என்ரை கையாலை மட்டும்தான் குடிக்கும். இங்கை வாறவை எல்லாரும் மூண்டு மாசத்திலை போயிடுவினம். எனக்கு முதல் இருந்த பிள்ளை போகேக்கை அது நாலு நாள் ஒண்டும் குடிக்கேல்லையாம். இண்டைக்குக் காலமை புதுசாய் வந்த ஆளிட்டைப் போத்தலைக் குடுத்துப் பாத்தம். அது போத்தலைப் பாக்கேல்லை. என்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டது."

"அதுக்கு?"

"இங்கை இப்ப காலமை ஏழு மணி. பத்து மணிக்கு எயார்போட்டுக்கு ட்ரக் வெளிக்கிடும். ஒன்பதுக்கு திருப்பி எடுக்கிறன். அப்ப சொல்லுங்கோ. நீங்கள் வா எண்டா வாறன்."

போனை வைத்துவிட்டாள். அங்கே கடைசி நாள் இப்போதுதான் தொடங்குகிறது, இங்கே அது இருட்டப்போகிறது. அவளுடைய ஒன்பது மணி எனக்கு ஏழு மணி. இரண்டு மணித்தியாலத்துக்குள் நான் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். பணியாரமெல்லாம் கரியாகியிருந்தது.

வேறு தாய் என்றால் இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. வா என்று சொல்லிவிட்டு அடுத்த ஈடு போட்டிருப்பாள். நானும் அப்படித்தான் செய்திருப்பேன், இடையில் நான் வேண்டி வைத்த அந்த நேர்த்தி இல்லாவிட்டால்.

அவள் போன அன்று விமான நிலையத்தில், அவள் உள்ளே போகிற கதவடியில் நின்று நான் எங்கள் ஊர்ப் பக்கத்து மடு மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். எங்கள் ஆட்கள் பிள்ளைக்குச் சளி பிடித்தாலும் மடு மாதாவிடம்தான் போவார்கள். ஊரில் என்றால் ஆளுயர மெழுகுதிரி கொளுத்துகிறேன், கால்நடையாகக் கோயிலுக்கு வருகிறேன் என்று சொல்லலாம். ஒக்லாந்தில் இந்த மங்கரேயிலிருந்து நான் எங்கே நடப்பது? ஊரிலேயோ சண்டை, பாதையும் திறப்பதில்லை. செய்ய முடியாததைச் சொல்லி மாதாவை ஏமாற்றக் கூடாது என்று, என்னிடம் இருந்த ஒன்றைக் கொடுத்தேன். என் வாயைக் கொடுத்தேன். தாயே, இவளை முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்து தா, வந்துவிட்டாள் என்றால் அதற்குப் பிறகு அவள் கேட்கிற எதற்கும் நான் குறுக்கே நிற்க மாட்டேன் என்று சொன்னேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காணிக்கை என்று விளங்கும்.

இப்போது பாருங்கள். அவள் கேட்பதே வராமல் இருக்கத்தான். வராதவரைக்கும் நேர்த்தி என்னைக் கட்டாது, தாராளமாக வா என்று சொல்லலாம். சொன்னால் வருவாள். வந்தால் நேர்த்தி பலித்துவிடும். அடுத்த நாளே திரும்பிப் போகிறேன் என்று கேட்டாள் என்றால் நான் வாயைப் பொத்திக்கொண்டு வழியனுப்ப வேண்டும். சரி, இப்போதே நில் என்று விட்டுவிட்டால்? அப்போது நான் கேட்டது கிடைக்கவில்லை, கிடைக்காததற்கு எதற்காக விட்டுக்கொடுத்தேன்? குசினிக்குள் நின்று விரல் மடித்து எண்ணிப் பார்த்தேன். எந்தப் பக்கத்தால் போனாலும் தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றேன்.

கருகல் மணத்துக்குப் பக்கத்து வீட்டுச் செல்வி வந்துவிட்டாள். மலேசியாவில் ஈப்போக்காரி, பல் டாக்டரிடம் வேலை, தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருக்கிற ஆள். வேதக்காரி நான் நேர்த்தியின் சட்டத்தைச் சைவக்காரியிடம் போய்க் கேட்பதா என்று ஒரு கணம் தயங்கினேன். ஆனால் எங்கள் பாதிரியார் அயர்லாந்துக்காரர், இதை அவருக்கு விளங்கப்படுத்தி முடிக்கவே ஏழு மணி தாண்டிவிடும்.

"என்னக்கா, வீடு எரியுதா?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். கதிரையில் இருந்து ஆறுதலாகக் கேட்டாள்.

"வேண்டுதல்னா வேண்டுதல்தான்கா. சாமிகிட்ட போயி லாயர் மாதிரி பேசாதீங்க."

"நான் லோயர் மாதிரிக் கதைக்கேல்லை செல்வி. அவள் வராட்டி இது செல்லுமோ செல்லாதோ, அதைத்தான் கேக்கிறன்."

"உங்க வாயைத்தானே குடுத்தீங்க?"

"ஓம்."

"அப்புறம் ஏன் எப்பத் தொறக்கலாம், எப்பத் தொறக்கலாம்னு நேரம் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் எப்சத்தில் பேர்பெற்ற பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், பள்ளிக்கூடம் விட்டால் நேரே வீட்டுக்கு வருகிறார்கள். அவளுக்குச் சொல்வது சுகம். தேத்தண்ணீர் கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். போகும்போதும் சிரித்துக்கொண்டுதான் போனாள்.

ஆறரைக்கு இவர் வந்தார். என் மனுசன் யேசுராசாவுக்கு விமான நிலையத்தடியில் சரக்குக் கொட்டகையில் வேலை. சப்பாத்தைக் கழற்ற முதலே விசயத்தைச் சொல்லிவிட்டேன், நேர்த்தியையும் சேர்த்து. மூன்று மாதமாக அவரிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கரிந்த பணியாரம் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"நிக்கட்டும்."

"நிக்கட்டுமோ? உங்களுக்குப் பிள்ளை வேண்டாமோ?"

"நானும் ஒரு நேர்த்தி வைச்சனான் இஞ்சாரும். அந்தோனியாருக்கு."

"நீங்களோ? என்னெண்டு?"

"இவள் ஒண்டிலையாவது நிலைச்சு நிக்க வேணும் எண்டு."

"திரும்பி வர வேணும் எண்டு கேக்கேல்லையோ?"

"அதை நீர் கேப்பீர் எண்டு தெரியும். ரெண்டு பேரும் ஒண்டையே கேட்டு என்ன?"

ஒரே வீட்டிலிருந்து ஒரே பிள்ளையை நாங்கள் இரண்டு பக்கத்தால் இழுத்திருக்கிறோம். மேலே அவர்கள் இரண்டு பேரும் இதை எப்படித் தீர்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மாதா பெரியவ, அந்தோனியார் அவவுக்குக் கீழேதான். ஆனாலும் அவர் கைவிட்டுப் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர், அது அவருடைய பிரிவு.

"அதுக்கு நீங்கள் என்ன குடுக்கிறன் எண்டனீங்கள்?"

"சிகரெட்டை விடுறன் எண்டு."

"விட்டாச்சோ?"

"பலிச்சாப் பிறகுதானே," என்றார். எங்கள் சனத்தில் எல்லாரும் அப்படித்தான். வாங்கிக்கொண்டுதான் கொடுப்போம்.

அவரோடு சண்டை பிடிக்க நேரம் இருக்கவில்லை. ஏழு மணிக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. போனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். மேலே ஒரு பிளேன் மிகத் தாழ்வாகப் போனது. எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு நாளைக்கு எத்தனையோ போகும், நான் அண்ணாந்து பார்ப்பதே இல்லை. அன்றைக்கு அது போய் முடியுமட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வா என்று சொல்வதாகத்தான் அப்போது முடிவு. சட்டம் எப்படி இருந்தாலும் இருக்கட்டும், முதலில் பிள்ளை வீட்டுக்கு வரட்டும்.

ஏழு ஐந்துக்கு அடித்தது.

"அம்மா? என்ன சொல்லுறீங்கள்?"

அவளுக்குப் பின்னால் ட்ரக் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. வா என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இரண்டு மணித்தியாலமாக என்னைக் குடைந்துகொண்டிருந்தது வேறொன்று, அது முந்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

"முதல் நீ எனக்கு ஒண்டு சொல்லு. போகேக்கை என்னட்டைக் கேட்டனியோ? டிக்கெட்டைக் கொண்டந்து வைச்சாய், போனாய். இப்ப என்ன புதுசாய் என்னட்டை உத்தரவு கேக்கிறாய்?"

அந்த லைனில் நாங்கள் சொல்வது போய்ச் சேரவும், பதில் வரவும் கொஞ்சம் நேரம் எடுக்கும். இந்த முறை அதைவிடவும் கூட எடுத்தது.

"போகேக்கை திரும்பி வருவன் எண்டு எனக்குத் தெரியும் அம்மா. அதாலை கேக்கேல்லை," என்றாள். பிறகு மெல்லமாக, "இப்ப தெரியேல்லை" என்றாள்.

ஒரு வருடம் என்று சொன்னது வெறும் கணக்கு. அது ஒரு வருடத்தில் முடிகிற காரியம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் தமிழில் கதைத்திருக்கிறாள். வா என்ற சொல் இன்னும் என் நாக்கு நுனியில்தான் நின்றது. ஒரே ஒரு எழுத்து. சொன்னால் திங்கட்கிழமை வந்துவிடுவாள். சொல்வழி கேட்ட பிள்ளையாகத் தன் அறைக்குள் இருப்பாள். பிறகு என்னிடம் ஒன்றையும் கேட்கவும் மாட்டாள். கேட்காதவளுக்குக் குறுக்கே நிற்கத் தேவையில்லை, நேர்த்தியும் என்னைத் தொந்தரவு செய்யாது. எல்லாம் எனக்கு வசதியாக இருக்கும். அந்த வசதியை நினைக்கத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

"நில் பிள்ளை," என்றேன்.

"என்னம்மா?"

"நில் எண்டு சொல்லுறன். அந்தச் சீவனைப் பட்டினி போடாதை."

அவள் விம்முவது கேட்டது. எத்தனை படிப்பை விட்டபோதும் அழாதவள். நான் குளிருக்குக் கம்பளிச் சட்டை இருக்கிறதா, மலேரியாக் குளிசை முடிந்துவிட்டதா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள், முடிந்துவிட்டதா என்றதற்கும் ஓம் என்றாள். யாரோ கூப்பிட்டார்கள். ட்ரக்கில் இருந்து தன் பெட்டியை இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இவர் பக்கத்தில் வந்து நின்றார். கையில் சிகரெட் பெட்டியை வைத்து உருட்டிக்கொண்டிருந்தார், பற்றவைக்கவில்லை.

"என்ன சொன்னீர்?"

"நிக்கச் சொல்லிப்போட்டன். உங்கடை அந்தோனியார் வெண்டிட்டார்."

அவர் பெட்டியை மேசையில் வைத்தார். "அப்ப உம்மடை நேர்த்தி?"

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் வரவில்லை. ஆனால் அவள் கேட்டாள், நான் குறுக்கே நிற்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறேன்.

"என்ரை பங்கை நான் முன்னுக்கே செய்துபோட்டன்," என்றேன். "இனி அவளை முழுசாய்த் திருப்பிக் கொண்டந்து தாறது மாதான்ரை பொறுப்பு."

"அப்பிடி முன்னுக்குச் செய்யலாமோ?"

"எனக்குத் தெரியாது," என்றேன். அழுகை வந்துவிட்டது.