கண்ட்ரோலில் இருந்தவர்

டாக்டர் ஹேமலதாவுக்கு எங்கள் ரத்தத்தின் மேல் தனிப் பிரியம். பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர். தாய் தகப்பன் வழியாகப் பிள்ளைகளுக்கு இறங்கும் ஒரு ரத்த நோய் கொல்லிமலையில் யார் யாருக்கு இருக்கிறது என்று பார்க்க வாழவந்தி நாட்டில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்திருந்தார். குறை சொல்ல முடியாத மனுஷி. ஊசி குத்திவிட்டு வலிக்கிறதா என்று கேட்பார். என் அக்கா கண்ணாயி போட்ட ராகிக் களியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

முடிவு சொல்ல வந்த அன்று அக்கா வீட்டுக்காரர் செங்கோடன் மாமாவிடம், "உங்களுக்கு அந்த நோய் இல்லைங்க. நீங்க எங்களுக்கு கண்ட்ரோல். ரத்தம் நல்லா இருக்கு" என்றார்.

மாமாவுக்கு ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு. தினமும் ஒரு மாத்திரை. அதை அவர் வாயில் போடவைப்பதற்குள் அக்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். இப்போது கேட்க வேண்டுமா?

"ஏன் மாப்ள, பெரிய காலேஜு டாக்டரம்மாவே கண்ட்ரோல்ல இருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க. இனி மாத்திரை எதுக்கு?"

"அவங்க பாத்தது வேற நோவுங்க, மாமா."

"ரத்தம் ஒண்ணுதான?"

லாரி ஓட்டுகிற நான் இதற்கு என்ன பதில் சொல்வேன்? கண்ட்ரோல் என்றால் எனக்கு ரேஷன் கடைதான் தெரியும். தொண்டை வலிக்கக் கத்தினேன். மனிதர் சிரித்துக்கொண்டே மாத்திரையை நிறுத்திவிட்டார்.

மாசியில் மிளகு பறித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. வாய் கோணிப்போனது. என் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு மலை இறங்கினேன். அக்கா மடியில் தலையை வைத்து ஏதோ சொல்லப் பார்த்தார்; சொல் வரவில்லை. அடிவாரம் சேருமுன் போய்விட்டார். பாவி மனுஷன்! இன்னும் என் நெஞ்சு ஆறவில்லை.

காரியம் முடிந்து சில நாட்களில் ஹேமலதா துக்கம் கேட்க வந்தார். அக்கா அவரை உட்கார வைத்துக் கேட்டாள்.

"கண்ட்ரோல்ல இருக்குதுன்னீங்களே சாமி, அப்புறம் எப்படிங்க போனாரு?"

டாக்டருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, நான் சொன்னது அது இல்லைங்க. நோய் இருக்கிறவங்க ரத்தத்தோட ஒப்பிட்டுப் பார்க்க, இல்லாதவங்க ரத்தம் வேணும். அவங்களைத்தான் நாங்க கண்ட்ரோல்னு சொல்லுவோம்."

"அவரோட கொதிப்ப நீங்க பாக்கவே இல்லீங்களா?"

"நாங்க தேடினது அந்த ஒரு நோயை மட்டும்தாங்க" என்று சொல்லி ஹேமலதா அழுதார். அவரை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். அழுகிறவளிடம் என்ன சண்டை போடுவது?

அக்கா அழவில்லை. "இந்த ஊருல இன்னும் யாருக்கெல்லாமுங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"நிறையப் பேருக்கு."

அக்கா எழுந்துவிட்டாள். புருஷனைப் பறிகொடுத்தவள் இவ்வளவு சீக்கிரம் அடுத்த வீட்டு வாசலுக்குப் போனால் ஊர் பேசும். பேசட்டும் என்று நானும் பின்னால் போனேன். டாக்டரும் வந்தார். பக்கத்து வீட்டுக் காளியண்ணனுக்கும் கொதிப்பு உண்டு. அவர் கிழங்குக் காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்.

"அண்ணா, மாத்திரை போடறீங்களா?" என்றாள் அக்கா.

அவர் சிரித்தார். "எனக்கு எதுக்கு கண்ணு? கண்ட்ரோலுன்னு டாக்டரம்மாவே சொல்லீட்டாங்களே."

"அவருக்கும் அப்படித்தானுங்கண்ணா சொன்னாங்க" என்றாள் அக்கா.