பாஸ்வேர்ட் இல்லாத கோடு

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு முன்பே ஜெனிஃபாவின் போன் விடாமல் அடிக்கத் தொடங்கிவிட்டது. முதலில் அழைத்தவர் அணைக்கட்டு ஊரிலிருந்து தையல் வேலைக்கு வரும் கெங்கம்மாள்.

"இன்னாம்மா, வண்டி எங்க வருதுன்னு பாக்கலாம்னா உன் ஆப்பு வெறும் வெள்ளையா நிக்குது. மழை வேற தூறுது. வண்டி போய்ட்டுதா, இன்னும் வரலியா?"

ஆம்பூர் ஷூ கம்பெனியின் தையல் பிரிவுக்குப் பெண்கள் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறார்கள். டிரைவரின் போன் சொல்லும் இடத்தை வாங்கி, வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் ஆப்பை எழுதியவள் ஜெனிஃபா. கம்பெனியின் ஐ.டி. பிரிவில் அவளும் அபினேஷும்தான். ஆபீஸ் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த ஆப், கரண்ட் போகும்போதெல்லாம் படுத்துவிடும். அதனால்தான் போன மாதம் அதை, இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் க்ளவுடுக்கு மாற்றினாள்.

மாற்றிய அவசரத்தில் டேட்டாபேஸின் முகவரியையும் பாஸ்வேர்டையும் ஆப்பின் நிரலான கோடுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு வேலையில் க்ளவுட்காரர்கள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். ஆப் பழைய பாஸ்வேர்டோடு கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. யாரும் திறக்கவில்லை.

"புதுசை எடுத்து அதே இடத்துல போட்டுடு ஜெனி. ஜனங்க ரோட்ல நிக்குது," என்றான் அபினேஷ்.

போட்டாள். வண்டிகள் திரையில் வந்தன. ஆனால் அதற்குள் பாதிப் பேர் பஸ்ஸை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்திருந்தார்கள். தையல் லைன்கள் தாமதமாகத்தான் ஓடத் தொடங்கின.

போக்குவரத்து மேனேஜர் சம்பத் நேராக அவள் மேஜைக்கே வந்துவிட்டார்.

"முன்னாடி கரண்ட் போனா நின்னுது. இப்ப க்ளவுட்ல போட்டும் நின்னுடுச்சு. பெரிய பேஜாரா இருக்கும்மா. வெள்ளிக்கிழமை பெங்களூர் கம்பெனிக்காரங்க வர்றாங்க. அவங்க ஆப்பையே எடுத்துக்கலாம்."

அவர் சொன்னதில் தவறில்லை என்பதுதான் ஜெனிஃபாவை அதிகமாகச் சுட்டது. மறுபடி பாஸ்வேர்ட் மாறினால் இதே கதைதான். ஆனால் ஆப் அவளுடையது. அதைக் கைகழுவ மனம் வரவில்லை.

க்ளவுடில் இதற்கு ஒழுங்கான வழி இருந்தது. ஒரு ஆப்போடு ஒரு டேட்டாபேஸைப் பிணைத்துவிட்டால், அதன் முகவரி, பெயர், பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் க்ளவுடே ஆப்பின் சூழலில், அதாவது கோடுக்கு வெளியே ஆப் ஓடும் இடத்தின் அமைப்புகளில், வைத்துவிடும். ஆப் கண் விழிக்கும்போது அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கோடுக்குள் எதையும் எழுதவே வேண்டாம். இதை அன்றைக்கே செய்யாமல் விட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கோடிலிருந்த பாஸ்வேர்டை அழித்தாள். சூழலிலிருந்து படிக்கும்படி எழுதி ஓட்டிப் பார்த்தாள். மறுபடி வெள்ளை. ஒரு நாள் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு அபினேஷ்தான் திரையில் விரலை வைத்தான்.

"ஜெனி, ரெண்டு சர்வீஸ் கட்டியிருக்கிற. டேட்டாபேஸ் ஒண்ணு, எஸ்.எம்.எஸ். அனுப்புறது ஒண்ணு. உன் கோடு முதல்ல இருக்கிறத எடுக்குது. அது எஸ்.எம்.எஸ். பாஸ்வேர்ட். அத வச்சிக்கினு டேட்டாபேஸ்கிட்ட போனா விடுவானா?"

ஜெனிஃபாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வரிசையைப் பார்க்காமல் பெயரைப் பார்த்து எடுக்கும்படி மாற்றினாள். வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரையில் முளைத்தன.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பெங்களூரிலிருந்து வந்தவர் தங்கள் ஆப்பை அழகாகவே காட்டினார். தையல் லைன் சூப்பர்வைசர் முனவ்வர் பேகமும் உட்கார்ந்திருந்தார். ஆட்கள் தாமதமானால் முதலில் அடிபடுவது அவருடைய லைன்தான். ஜெனிஃபாவின் முறை வந்ததும் சம்பத் கேட்டார்.

"பாஸ்வேர்ட் மாறுனா மறுபடி வெள்ளைதானே?"

"இப்பவே மாத்திக் காட்றேன் சார்."

எல்லோர் முன்னாலும் ஆப்புக்கும் டேட்டாபேஸுக்கும் இருந்த பிணைப்பை அறுத்தாள். ஆப்பை ரீஸ்டார்ட் செய்தாள். பெரிய திரையில் வண்டிகள் மறைந்து வெள்ளை வந்தது. சம்பத்தின் முகம் இறுகியது. அவள் மறுபடி பிணைத்தாள். க்ளவுட் புதிய பாஸ்வேர்ட் ஒன்றைத் தந்தது. அது என்னவென்று அவள் பார்க்கக்கூட இல்லை. ஆப்பை இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்தாள்.

அணைக்கட்டு வண்டி வந்தது. குடியாத்தம் வண்டி வந்தது. பிறகு எல்லா வண்டிகளும் வந்தன.

"கோடில் எதையும் மாற்றவில்லையா?" என்று பெங்களூர்க்காரர் முன்னால் குனிந்து கேட்டார்.

"ஒரு எழுத்துகூட மாத்தல சார்."

சம்பத் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி. நம்ம நாட்றம்பள்ளி யூனிட் வண்டிங்களுக்கு என்ன பண்றது? அவங்க கணக்கு நம்ம கணக்கோட கலக்கக்கூடாது."

"தனியாகச் செய்து தர எங்களுக்குச் சில வாரம் ஆகும்," என்றார் பெங்களூர்க்காரர்.

அதற்குள் ஜெனிஃபாவின் கை வேலையில் இறங்கியிருந்தது. நாட்றம்பள்ளிக்கென்று புதிதாக ஒரு டேட்டாபேஸ் உருவாக்கினாள். அதே கோடை இன்னொரு ஆப்பாக ஏற்றி, புது டேட்டாபேஸை அதோடு பிணைத்தாள். நிமிர்ந்து, "சார், அங்க யாராவது டிரைவருக்கு இந்த லிங்கை அனுப்புங்க," என்றாள்.

சம்பத் டிரைவர் கோபிக்கு அனுப்பிவிட்டு, அவனைப் போனில் பிடித்தார்.

"கோபி, வண்டிய ஓரங்கட்டு. லிங்க் வந்திருக்கா? அமுக்கு. அமுக்கிட்டியா?"

"அமுக்கிட்டேன் சார்."

காலியாகக் கிடந்த வரைபடத்தில், கிருஷ்ணகிரி ரோட்டோரம் ஒரு பச்சைப் புள்ளி தோன்றியது. கோபி வண்டியை எடுத்ததும் அது நகர்ந்தது.

முனவ்வர் பேகம்தான் முதலில் கை தட்டினார். "மாஷா அல்லா! சம்பத் சார், வெளியில எதுக்குத் தேடுறீங்க? நம்ம பொண்ணே இருக்குது."

சம்பத் வாய்விட்டுச் சிரித்தார். "நாட்றம்பள்ளி வண்டி எல்லாத்தையும் ஏத்திடும்மா. திங்கக்கிழமையிலருந்து அதுலயே ஓடட்டும்."

பெங்களூர்க்காரர் எழுந்து வந்து அவள் கையைக் குலுக்கினார். வேலை மாறும் எண்ணம் இருக்கிறதா என்று தணிந்த குரலில் கேட்டும் பார்த்தார். ஜெனிஃபா சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்தாள். மேஜைக்கடியில் அபினேஷ் அவளுக்குக் கட்டைவிரலைக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் கண் திரும்பத் திரும்பத் திரைக்கே போனது. பச்சைப் புள்ளி பச்சூரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.