தலைவியின் குட்டிகள்

கழுதைப்புலிக் கூட்டம் பட்டிக்கு வெளியே சினைப்பசுவை உயிரோடு கிழித்துப் போட்ட மறுநாள், பசுவின் சொந்தக்காரன் பர்முவாத், மிச்சமிருந்த உடம்பில் பூச்சிமருந்தை ஊற்றினான். அவன் மனைவி நொலாரி தடுக்கவில்லை. அந்தப் பசு கன்று போட்டதும் குழந்தைக்குப் பால் கிடைக்கும் என்று காத்திருந்தவள் அவள்.

விடிந்தபோது சமவெளியெங்கும் கழுதைப்புலிகள் விறைத்துக் கிடந்தன. பிணந்தின்னிக் கழுகுகளும் கிடந்தன. அவர்களுடைய நாயும்தான்.

தலெக் ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் வழியில் கூட்டத்தின் வளை இருந்தது. வாசலில் குட்டிகள் தாய்களுக்காகக் காத்திருந்தன. வருஷம் தாண்டியும் தாய்ப்பாலையே நம்பி வளர்பவை. இறைச்சி கொண்டுவந்து ஊட்ட யாரும் வருவதில்லை. அந்த வழியில் நடந்து நடந்து நொலாரிக்கு அவற்றை நன்றாகத் தெரியும். கூட்டத்தை ஆண்ட தலைவிப் பெட்டையின் குட்டிகள் இரண்டும் கொழுகொழுவென்று திரியும். தாய்க்கு என்ன மரியாதையோ அதுவே பிள்ளைகளுக்கும்; வளர்ந்தவைகூடக் காதை மடித்து ஒதுங்கிப் போகும்.

திரும்பி வந்தது காதறுந்த ஒரு பெட்டை மட்டுமே. கூட்டத்தில் கடைசி அது. மற்றவை தின்று முடித்த பிறகுதான் அதற்கு இடம். அன்றைக்கும் அதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. அதனால் பிழைத்தது.

அது படுத்துத் தன் குட்டிக்கு மட்டும் பால் கொடுத்தது. தலைவியின் குட்டிகள் பழைய தோரணையில் வாலை நிமிர்த்திக்கொண்டு வந்து, அந்தக் குட்டியைத் தள்ளிவிட்டு மடியில் வாய் வைத்தன. காதறுந்தது அவற்றைக் கடித்து எறிந்தது.

நொலாரி ஆட்டுப்பாலைக் குடுவையில் கொண்டுபோய் வாசலில் ஊற்றி வைத்தாள். மனித வாசனைக்குப் பயந்து குட்டிகள் உள்ளே ஓடின. எறும்புகள் குடித்தன.

"உம் புள்ள பசியில கத்துது அக்கா," என்றாள் பர்முவாத்தின் இளைய மனைவி நயோலாங். "நீ பொணந்தின்னிக்குப் பால் ஊத்துற."

"குட்டிங்க சத்தம் கேக்குதுடி. தண்ணி மொள்ளுறப்பவும் கேக்குது."

கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். "ஈட்டிய எடுத்துட்டு வாங்க. குட்டிங்கள ஒரேயடியா முடிச்சிருங்க."

அவன் தரையைப் பார்த்தபடி இருந்தான். "என் பசுவக் கொன்னதுங்க மேலதான் எனக்குக் கோவம். இதுங்க என்ன பண்ணுச்சு?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

அவன் எழுந்திருக்கவில்லை. நாய் செத்ததிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பிறகொரு காலை, காதறுந்தது தன் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு புல்வெளியைக் கடந்து போனது. வளையில் இருந்த மற்றக் குட்டிகள் ஒவ்வொன்றாகச் செத்து அடங்கின. கடைசியில் தலைவியின் குட்டி ஒன்று மட்டும் மிஞ்சியது.

நொலாரி கையில் கல்லோடு போனாள். அவளைக் கண்டு அது உள்ளே ஓடவில்லை. தள்ளாடி வந்து, பின்னங்காலைத் தூக்கியது. தாழ்ந்தது உயர்ந்ததற்குக் காட்டும் வணக்கம் அது. இந்தக் குட்டி யாருக்கும் முதலில் காலைத் தூக்கி அவள் பார்த்ததில்லை. ஊன்றிய கால்கள் தாங்காமல் பக்கவாட்டில் விழுந்தது.

அவளால் கல்லை எறிய முடியவில்லை. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வெயில் ஏறியது. எப்போது அதன் மூச்சு நின்றதென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் நிறைத்தாள். வீட்டில் குழந்தை பசியில் அழுதுகொண்டிருக்கும். தெரிந்தும், நடையை எட்டிப்போட அவள் உடம்பில் தெம்பில்லை.