மூன்றாம் வரிசையின் சுத்தமான பதிவுகள்

பிறந்த கணத்திலேயே செத்துப்போகும் சாபம் பெற்றது இசை. அதை மீட்டுக் காலத்தின் கையில் ஒப்படைப்பதற்கென்று நூற்றாண்டுக்கு ஒருவர்தான் பிறக்கிறார். இந்த நூற்றாண்டுக்கானவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கழன்ற திருகுகளை முடுக்கிக்கொண்டிருந்தார்.

திருகெல்லாம் பகலில்தான். வெள்ளிக்கிழமை மாலையானால் மெத்தைக் கடைக்கு அடியில் இருந்த சின்ன அரங்கில், மூன்றாம் வரிசை நடு நாற்காலியில், சட்டைப் பைக்குள் தீப்பெட்டி அளவு ரெக்கார்டரோடு உட்கார்ந்திருப்பார். அங்கே ஜாஸ் வாசிப்பார்கள். கேட்க வருகிறவர்கள் சில வாரங்களில் வாசிக்கிறவர்களைவிட அதிகமாகவும் இருந்ததுண்டு. பக்கத்தில் யாராவது உட்கார்ந்து மூச்சுவிட்டால் பதிவில் விழுமே என்று ஒரு நாற்காலியில் கழற்றிய கோட்டையும் மறுபக்கத்து நாற்காலியில் பையையும் போட்டுவிடுவார். பதிவுகளை இணையத்தில் இலவசமாகப் பகிர்வார். பல தேசங்களில் பரவிக் கிடந்த அவருடைய ரசிகர்கள், மொத்தம் ஒரு வேனில் அடங்கக்கூடியவர்கள், அவரை 'மூன்றாம் வரிசை' என்றே அழைத்தார்கள். பெற்றோர் வைத்த பெயரைவிட அது அவருக்குப் பொருத்தமாகப் பட்டது.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. வாசிப்பு மட்டுமே இசை. நடுநடுவே கலைஞர்கள் பேசுவது கறை. அந்தக் கறையை வெட்டி எறிந்துவிட்டு, வெட்டாத மூலத்தையும் அழித்துவிடுவார். வீட்டில் போய் வெட்டுமிடத்தைத் தேடாமலிருக்க, மேடையில் பேச்சு தொடங்கியதும் சட்டைப் பையை நோக்கிக் குனிந்து கிசுகிசுப்பாகக் குறிப்பு சொல்லிக்கொள்வார். எப்படியும் குப்பைக்குப் போகிற பகுதிதானே. மற்றவர்கள் கைபேசியில் கன்னாபின்னாவென்று பதிவெடுப்பது அவருக்கு ஆகாது. மேலாளரை நச்சரித்து நச்சரித்து, கைபேசிக்குத் தடை என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டவைத்தவர் அவர்தான்.

ஒருநாள் கடைக்கு ஓர் அம்மா வந்தார். கையில் கண்ணாடி எதுவும் இல்லை.

"தம்பி, மூணாம் வரிசைங்கறது நீங்கதானா?"

"நான்தாம்மா. நீங்க?"

"சாக்ஸபோன் வாசிப்பாரே, போன மாசம் போயிட்டாரே. அவர் வீட்டுக்காரி."

மூன்றாம் வரிசை எழுந்து நின்றார். மடியிலிருந்த திருகு எங்கோ உருண்டது. "அப்படிச் சொல்லாதீங்கம்மா. அவர் போகல. பன்னெண்டு வருஷத்து வாசிப்பு எங்கிட்ட இருக்கு. அவர் ஒரு சகாப்தம்..."

"அந்த ஊதலெல்லாம் வேண்டாம் தம்பி. வீட்டுல அவர் ஊதும்போது கதவைச் சாத்திக்கிட்டே காலத்தை ஓட்டினவ நான். அவர் பேசுறது இருக்கா?"

"பேசுறதா?"

"கடைசி நாள் மேடையில என்னைப் பத்தி ஏதோ சொன்னாராம். டிரம் அடிக்கிறவர்தான் சொன்னாரு. என்ன சொன்னாருன்னு கேட்டா, 'எனக்குக் காது பாதி போச்சு அண்ணி. எல்லாரும் சிரிச்சாங்க, அப்புறம் கப்சிப்னு ஆயிட்டாங்க'ங்கறாரு." மேசைமேல் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைத் தன் முகம் தெரியாதபடி அந்த அம்மா திருப்பி வைத்தார். "அன்னிக்குக் காலையில எங்களுக்குள்ள பெரிய சண்டை. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போனவரு, திரும்பி வரும்போது டாக்ஸியிலேயே முடிஞ்சுட்டாரு. என்னைத் திட்டினாரா, வேற ஏதாவது சொன்னாரா? எதுவா இருந்தாலும் சரி. தெரிஞ்சாப் போதும்."

"எல்லாம் பத்திரமா இருக்கும்மா" என்றார் மூன்றாம் வரிசை, ஓர் அருங்காட்சியகமே வாய் திறந்ததுபோல.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எல்லாம் அப்பழுக்கில்லாமல் இருந்தன. சாக்ஸபோன்காரர் ஒரு தடவை தும்மியதுகூட இல்லை.

"வெட்டினதையெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"அழிச்சுட்டேன்."

"பாவம், அந்த மனுஷனை ஊமையாக்கி அனுப்பிட்டீங்க. வேற யாராவது போன்ல எடுத்திருப்பாங்களே?"

அவர் ரெக்கார்டரின் தூசியைத் துடைத்தார்.

"ஓ, உங்க நோட்டீஸ்!"

அப்போதுதான் நினைவு வந்தது. கடைசிக் கச்சேரியை அவர் இன்னும் வெட்டவே இல்லை. 'ஒரு யுகத்தின் அஸ்தமனம்' என்று ரசிகர்களுக்காக இரங்கல் கட்டுரை எழுதுவதிலேயே மாதம் ஓடியிருந்தது. பதிவு முழுசாக ரெக்கார்டரிலேயே கிடந்தது.

"ஒருதடவை கேட்டுப் பார்த்துட்டு எடுத்துட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி.

"முதல்ல கேக்கற உரிமை அந்த அம்மாவுக்குத்தான். புனிதமான விஷயத்துக்கெல்லாம் ஒத்திகை கிடையாது."

"அதுசரி!"

அந்த அம்மாவின் வீட்டில் சாக்ஸபோன் பெட்டி ஒரு நாற்காலியை அடைத்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா மின்விசிறியை அணைத்தார், ஜன்னலை மூடினார், கதவைச் சாத்தினார். "இதுவரைக்கும் கேக்காம இருக்கத்தான் சாத்துவேன்" என்று சொல்லிவிட்டு ஒலிபெருக்கியை ஒட்டி உட்கார்ந்தார்.

மூன்றாம் வரிசை பதிவின் கடைசிப் பகுதிக்குப் போய் ஓடவிட்டார். தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல சாக்ஸபோன்காரரின் குரல் கேட்டது. "வீட்டுல ஒருத்தி இருக்கா. இன்னிக்குக் காலையில அவகிட்ட நான்..."

காதோரத்தில், மிகத் தெளிவாக, இன்னொரு குரல் கிசுகிசுத்தது. "பேச்சு ஆரம்பம். இது வேண்டாம். வெட்டணும்."

பின்னால் கூட்டம் சிரித்தது. "...அதனால அவளுக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும்..."

"இன்னும் பேசிக்கிட்டே இருக்காரு. முழுசா வெட்டணும். அடுத்தது மெதுவான பாட்டு போல."

அரங்கம் அமைதியானது. சாக்ஸபோன் தொடங்கியது.

அந்த அம்மா திரும்பப் போடச் சொன்னார். மறுபடியும் போடச் சொன்னார். ஒலிபெருக்கியில் காதை வைத்து அழுத்திக்கொண்டு கேட்டார்.

"யார் தம்பி அது, குறுக்கே குறுக்கே?"

"பக்கத்து சீட்டுக்காரன்மா" என்றார் அவர். "சில பேருக்கு இங்கிதமே கிடையாது."

"அந்த ஆள் பேசுறதை மட்டும் வெட்டி எடுத்துட முடியாதா?"

"அது... ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடுச்சும்மா. பிரிக்க முடியாது."

அந்த அம்மா தலையாட்டினார். அழவில்லை. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாம் வரிசையின் விரல் ரெக்கார்டரை நிறுத்தப் போயிற்று.

"இருக்கட்டும் தம்பி. இதையாவது முழுசா கேட்டுடறேன்."

கேட்டார். பாட்டு முடிந்தது, கைதட்டல் எழுந்து அடங்கியது. அதன்பிறகு அதே பக்கத்து சீட்டுக் குரல், "பதிவு செய்தது, மூன்றாம் வரிசை" என்று சொல்லி முடித்தது.