ஜன்னல் கேட்டவளுக்கு வந்த மெஷின்

1.

எங்கள் ஊர்த் தெய்வம் அனகாபல்லி நூகாலம்மா மேல் ஆணை. இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய் என்று யாராவது நிரூபித்தால் என் பல் செட்டைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறேன். அது இல்லாமல் என்னால் பொய்யும் சொல்ல முடியாது, உண்மையும் சொல்ல முடியாது.

இந்தக் கதை எனக்கு ஒரு சத்தத்திலிருந்து கிடைத்தது. போன கோடையில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். டமார் என்று ஒன்று விழுந்தது. பின்னாலேயே பக்கத்து வீட்டுக் கனகமகாலட்சுமியின் குரல்: "இதுக்கா கொடுத்தீங்க என் காசை!" தூக்கம் போய்விட்டது. தூக்கம் போன கிழவன் வேறு என்ன செய்வான், எழுத உட்கார்ந்தேன்.

2.

முதல் தொடக்கம்: 'கனகத்தின் சமையலறையில் இளங்காற்று வீச—'

அடித்துவிட்டேன். அந்தச் சமையலறைக்குள் எந்தக் காற்றும் வராது. கதையே அதுதான்.

இரண்டாவது தொடக்கம்: கனகம் வெல்ல ஆவக்காய் ஊறுகாய் போடுகிறவள். மாங்காய் முற்றியதும் ஊரில் பாதிப் பேர் ஜாடியோடு அவள் வாசலில் நிற்பார்கள். அந்தக் காசில் சமையலறையின் மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்க வேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து கேட்கிறாள். புருஷன் சிம்மாசலம், வெல்ல மண்டித் தரகர், "இந்தக் கரும்பு வெட்டு முடியட்டும்" என்பார். ஊரில் கரும்பை வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

போன வருஷம் காசு சேர்ந்துவிட்டது. "விசாகப்பட்டினத்துல நல்ல தேக்கு ஜன்னலாப் பார்த்து வாங்கிட்டு வரேன்" என்று அதை வாங்கிக்கொண்டு போனார். வந்தது ஒரு அட்டைப் பெட்டி.

3.

"என்னங்க இது?"

"வெளிநாட்டு மெஷின், கனகம். அரைக்கும், பிசையும், வேகவைக்கும், எடை போடும். தன்னைத் தானே கழுவிக்கும்."

"ஜன்னல் எங்க?"

"அதைத்தானே சொல்ல வரேன். ஜன்னல் எதுக்குக் கேட்ட? புகை போக. இதுல நெருப்பே கிடையாது. புகையில்லாத வீட்டுக்கு ஜன்னல் எதுக்கு?"

"எவ்வளவு?"

"பத்துப் பேர் வேலையை ஒண்ணே—"

"எவ்வளவுங்க?"

"ஒண்ணே முக்கால் லட்சம். உன் காசு முன்பணத்துக்குச் சரியாப் போச்சு. மிச்சம் மாசத் தவணை."

(இங்கே 'கனகத்தின் கண்களில் நீர் திரண்டது' என்று எழுதியிருந்தேன். அவள் அழவில்லை. வெங்காயத்துக்கே அழாதவள். அழுதது என் வாக்கியம்தான்.)

"புகை போறதுக்கு யாருங்க கேட்டா? நான் வெளிய பார்க்கறதுக்குக் கேட்டேன். முப்பது வருஷமா இந்தச் சுவரைப் பார்த்துக் குழம்பு கிண்டறேன். அதுல ஒவ்வொரு கீறலுக்கும் பேர் வெச்சிருக்கேன். பெரிய கீறலுக்கு உங்க பேரு."

4.

சிம்மாசலத்தை வில்லனாக்கப் பார்த்தேன். ஒத்துழைக்க மறுக்கிறார். மெஷினைத் தன் மேல்துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார்; குளிப்பாட்டிய கன்றுக்குட்டியைப் பார்ப்பதுபோல.

மெஷின் இந்தியில்தான் பேசும். கனகம் தெலுங்கில் திட்டினாள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் அவள் உள்ளே நுழைந்தாலே அது தானாக அணைந்துகொண்டது.*

* நானே காதால் கேட்டேன்.

மண்டியில் புதுத் தராசு வந்தாலும் பூசை போடாமல் வேலைக்கு எடுக்காதவர் சிம்மாசலம். மெஷினுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, அதன் தலையிலேயே தேங்காய் உடைத்தார். தேங்காய்த் தண்ணீர் அதன் கிண்ணத்துக்குள் இறங்கியது அவருக்குத் தெரியாது. கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கனகம் கொல்லையில் மாங்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் கோபத்தைத் தணிக்க ஒரு நல்ல காரியம் செய்வோம் என்று, வருஷக் கடுகு முழுவதையும் அந்தக் கிண்ணத்தில் போட்டு அரைத்து வைத்துவிட்டார். வாழ்நாளில் அவர் செய்த முதல் சமையல் வேலை. ஈரம் தெரியாமல் கனகம் அந்தக் கடுகையே மாங்காயில் கலந்து ஜாடியில் கட்டினாள்.

ஆவக்காய்க்கு ஒரு சொட்டு ஈரம் ஆகாது. வெல்ல ஆவக்காய்க்குக் கேட்கவே வேண்டாம். மூன்றாம் நாள் கிளறுவதற்காகக் கனகம் ஜாடித் துணியை அவிழ்த்தாள். உள்ளே நுரைத்துப் பொங்கி நின்றது. வீடே கள்ளுக்கடை. ஓரத்தில் சிந்தியதைக் கொத்திய காக்கை ஒன்று பின்பக்கமாகப் பறந்து போனது. ஜாடி கொண்டுவந்த பாதி ஊருக்கும் அந்த வருஷம் ஊறுகாய் இல்லை. அடுத்த வருஷத்து ஜன்னலும் அதோடு போயிற்று.

சிம்மாசலம் கம்பெனிக்கு போன் போட்டார். "சார், வாரண்டியில தேங்காய் வராது" என்றது மறுமுனை.

5.

இப்போது கட்டுரை. (பிடிக்காதவர்கள் ஆறாம் பகுதிக்குப் போகலாம். கனகம் அங்கே நிற்கிறாள். எதிரே போய் நிற்காதீர்கள்.)

இவ்வளவு விலை தகுமா? தகும். கை நடுங்குகிறவளுக்குத் தகும், வேலையிலிருந்து வந்து சமைக்கிறவளுக்குத் தகும், அவளே கேட்டிருந்தால். எனக்கு ஆத்திரம் மெஷின் மேல் இல்லை. உப்பு டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரியாதவன், உப்பை கிராம் கணக்கில் நிறுக்கும் மெஷினை அவள் காசில் வாங்கி, "உனக்காகத்தான்" என்று சொல்கிறானே, அந்த வார்த்தை மேல்தான் ஆத்திரம். உனக்காக! அவளுக்கு என்ன வேண்டுமென்று அவள் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. கேட்க வேண்டிய காது எங்கே மேய்ந்துகொண்டிருந்தது? அந்த

(வாக்கியத்தை முடிக்கவில்லை. இரத்தக் கொதிப்பு மாத்திரை போட வேண்டும்.)

6.

முடிவு அ: சிம்மாசலம் மன்னிப்புக் கேட்டுக் கொத்தனாரைக் கூட்டி வருகிறார். கிழித்துவிட்டேன். நான் சொல்கிற பொய்க்கும் ஒரு எல்லை உண்டு.

முடிவு ஆ: கனகம் மெஷினைப் பாதி விலைக்கு விற்கிறாள். தேங்காயும் கடுகும் நாறும் மெஷினை யார் வாங்குவார்?

முடிவு இ: மத்தியானம். கனகம் மெஷினை இரண்டு கையாலும் தூக்குகிறாள்.

"கனகம், வேண்டாம்! இன்னும் முதல் தவணையே கட்டலை!"

"தள்ளுங்க. எல்லா வேலையும் செய்யும்னீங்களே, இதையும் செய்யட்டும்."

மேற்குச் சுவரில் பெரிய கீறலைப் பார்த்து ஒரே போடு. டமார்! அப்போதுதான் அந்தக் குரல்: "இதுக்கா கொடுத்தீங்க என் காசை!" இன்னொன்று. செங்கல் ஒன்று நகர்ந்து வெளியே விழுகிறது. வெளிச்சம் அவள் முகத்தில் அடிக்கிறது. தூரத்தில் கரும்புக் காடு, அதற்கப்பால் ரயில். கனகம் நெடுநேரம் பார்க்கிறாள். பிறகு நெளிந்து கிடக்கும் மெஷினைப் பார்த்துச் சொல்கிறாள்: "சரி. குடுத்த காசுக்குத் தகும்."

7.

மூன்றில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டைக்குச் சட்டம் போட்டு, கம்பி வைத்து, திரை மாட்டுவதும் உங்கள் பொறுப்பு.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கனகத்தின் சமையலறை மேற்குச் சுவரும் என் படுக்கையறைக் கிழக்குச் சுவரும் ஒரே சுவர். அதில் இன்றுவரை ஓட்டை எதுவும் இல்லை.