குடற்சுவரின் சாட்சியம்

ஆய்வுக்கூடத் தலைவிக்கு நாத்தனாராகவும் மாணவியாகவும் ஒருங்கே இருப்பது எவருக்கும் வாய்க்கக் கூடாத நிலை. அண்ணி ஒப்பமிட்டால்தான் நாத்தனாரின் ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போகும். அண்ணியோ நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

“இந்தக் குடல் எனக்குச் சரியாப் படல. உள்படலம் பூரா சிதைஞ்சு கெடக்கு.”

“தலைப்பிரட்டை தவளையாகிற நேரம், அண்ணி. பாசி தின்ன குடல் செத்தாத்தானே பூச்சி தின்கிற குடல் வரும்?”

“எனக்கே பாடமா? தானாச் சாகுற செல்லும் அழுகின செல்லும் பார்வைக்கு ஒண்ணு போலத்தான் இருக்கும். தொட்டியில செத்து மிதந்தத அறுத்தியா?”

“வீட்டுல அடுப்ப அணைச்சியான்னு சந்தேகம், இங்க பிரட்டை உயிரோட இருந்துச்சான்னு சந்தேகம். எங்க அண்ணன் உங்களோட எப்படித்தான் குப்பை கொட்டுறாரோ!”

“உங்க அண்ணன் கதை அப்புறம். பதில் சொல்லு.”

“சாகுற படலத்துக்கு அடியில பாருங்க. புது செல் கூட்டங்கூட்டமாப் பிளந்து பெருகுது. அழுகின குடல்ல அது தெரியுமா?”

அண்ணி பார்த்தாள். உதிரும் படலத்தின் அடியில், சாயம் அடர்ந்தேறிய புதிய உயிரணுக்கள் திட்டுத்திட்டாகப் பிளந்துகொண்டிருந்தன. மறுக்க முடியாத சான்று. ஆயினும் ஒரு தகட்டோடு தணிவதற்குப் பெயர் ஐயமன்று. கண்ணாடித் தகடுகள் அடுக்கிய தட்டு முழுவதையும் அவள் தன் பக்கம் இழுத்தாள்.

“எல்லாத்தையுமா? ஒண்ணு பார்த்தாப் போதாதா?”

அந்தக் குரலின் பதற்றம் அண்ணியின் காதில் விழாமலில்லை. ஒவ்வொரு தகட்டிலும் படலத்தின் அடியையே தேடினாள். பிளக்கும் உயிரணுக்கள் இருந்தன, அடுத்ததிலும் இருந்தன. பின்னர் ஒன்றில் அவளுடைய கை நின்றது. மேலே சிதைவு, கீழேயும் சிதைவு. பிளக்கும் உயிரணு ஒன்றுகூட இல்லை.

“இது?”

நாத்தனார் தரையைப் பார்த்தாள்.

“வால் சுருங்கின கடைசிப் பிரட்டை. காலைல வந்து பார்த்தா மிதந்துச்சு. அது இல்லாட்டி வளர்ச்சி வரிசை முழுமையாகாதேன்னு…”

இறந்ததை உயிருள்ளது எனக் காட்டிவிட்டு, அதற்கு வரிசையின் முழுமையைக் காரணம் சொல்வதா! அது ஆய்வன்று, பொய். அண்ணி திட்டவில்லை. ஒப்பமிடாமலே பேனாவை மூடினாள்.

“அடுத்த முட்டை பொரியட்டும். முதல்லேருந்து செய்.”

“மத்ததெல்லாம் சரியாத்தானே இருக்கு, அண்ணி? நீங்களே பார்த்தீங்களே!”

“பார்த்தேன். ஆனா இனிமே நீ வெட்டின எதையும் ஒரு தடவ பார்த்துட்டு நம்ப என்னால முடியாதே.”