பூஜையில் உட்கார்ந்த பெட்ரோல் பம்பு

ஸ்ரீகண்டனின் காரில் துருவைச் சுரண்டினால் கார் மிஞ்சாது. அதனால் அவர் சுரண்டவில்லை.

முப்பத்தெட்டாம் வருஷத்து தசரா அது. மைசூர் ரயில்வேயில் குமாஸ்தாவான ஸ்ரீகண்டன், குடகுக் காப்பித் தோட்டக்காரர் ஒருவரிடம் வாங்கிய அந்தக் கார் ஐந்து மாதமாக வீட்டு வாசலில் அசையாமல் நின்றது. பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் தோல் கிழிந்துவிட்டது. டாங்கியிலிருந்து உறிஞ்சி எஞ்சினுக்கு ஊட்ட வேண்டியதைப் பம்பு தரைக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. பின்சக்கரத்தில் பீர்க்கங்கொடி ஏறி இரண்டு காயும் விட்டது. அவர் மனைவி காமாக்ஷி அதைப் பறித்துக் கூட்டு வைத்தாள். கூட்டில் லேசாகப் பெட்ரோல் மணந்தது. ஸ்ரீகண்டன் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார், அதாவது பேசுவதற்குத் திறக்காமல்.

காமாக்ஷிதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"ஏன்னா, விஜயதசமிக்கு இந்த வண்டி ஸ்ரீரங்கப்பட்டணம் போய், உச்சிகாலத்துக்குள்ள ரங்கநாதரைச் சேவிச்சுட்டு, ஆத்துக்குத் திரும்பி வரணும். வந்தா இருக்கட்டும். இல்லேன்னா மல்லப்பன் எடுத்துண்டு போகட்டும்."

மல்லப்பன் மண்டி மொஹல்லாவில் பழைய இரும்பு வாங்குகிறவன், கொள்ளேகாலத்துக்காரன். வாரம் ஒருமுறை வந்து, பெண் பார்க்கிறவன் மாதிரி காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவான்.

புதுப் பம்பு ரயில் பார்சலில் ஆயுத பூஜையன்று காலை வந்து சேர்ந்தது. அங்கேதான் ஸ்ரீகண்டன் தவறு செய்தார். பக்தி மேலிட்டு, ஸ்பானர், திருப்புளி, சுத்தியல், எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடி எல்லாவற்றையும் பூஜையில் வைத்தார். பம்பையும் கூடவே வைத்து, அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டார். வைத்த பிறகுதான் நினைவு வந்தது: மறுநாள் வாத்தியார் வந்து புனர்பூஜை செய்கிறவரை எதையும் தொடக்கூடாது. வாத்தியாருக்கு அன்று நாற்பது வீடு. இவர் வீடு நாற்பதாவது.

இரவல் வாங்கவும் வழியில்லை. அன்று காலை மைசூரில் ஸ்பானர் இருந்த வீட்டிலெல்லாம் அது பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

விஜயதசமி காலை ஆறு மணிக்கே மல்லப்பன் மாட்டு வண்டியும் வடக்கயிறுமாக வந்துவிட்டான்.

"அவசரமில்லீங்க சாமி. நான் இப்படி நெழல்ல உக்காந்துக்கறனுங்க. உச்சிக்கு இன்னும் நேரங்கெடக்குது."

"என் வண்டி நிழல்லயா உக்காரப் போறே?"

"இன்னைக்கு மட்டுந்தானுங்களே."

ஸ்ரீகண்டன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானட்டைத் திறந்தார். பழைய பம்பை இரண்டு போல்ட்டுகள் பிடித்திருந்தன. விரலால் திருகினார். கழன்று வந்தன. மரையைத் துரு தின்று பல நாளாகியிருந்தது. போல்ட்டுகள் வெறும் பழக்கத்தால் அங்கே இருந்திருக்கின்றன. குழாய்களும் அப்படியே. மற்றவர்கள் அரைநாள் மல்லுக்கட்டும் வேலை, வெற்றிலை போடுகிற நேரத்தில் முடிந்தது.

ஆனால் புதுப் பம்பு பூஜையில் இருந்தது. ஸ்ரீகண்டன் கூடத்து வாசலில் நின்று அதையே பார்த்தார். காமாக்ஷி அவரையே பார்த்தாள்.

"உழைச்ச சாமானுக்குத்தான் ஆயுத பூஜை. இது என்ன உழைச்சுது? பார்சல்ல படுத்துண்டு வந்துது. எடுத்துக்கோங்கோ."

"ஸ்பானர்?"

"அது உழைச்சிருக்கு. தொடப்படாது."

ஸ்ரீகண்டன் பம்பின் குங்குமத்தைத் துடைக்காமல் எடுத்துவந்து பொருத்தினார். போல்ட்டுகளில் நூலைச் சுற்றி, துண்டால் பிடித்து, கைக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு முறுக்கினார். குழாய் மூட்டுகளில் கசிவு நிற்க, குளியலறைச் சந்தன சோப்பைக் குழைத்து அப்பினார். சோப்பு பெட்ரோலில் கரையாது. தண்ணீரில் கரையும் என்பதால் மழை வராமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

கிளப்பத்தான் கைப்பிடி இல்லை. அதுவும் உழைத்தது.

ஸ்ரீகண்டன் பெருமூச்சு விட்டார். "சரி மல்லப்பா. கட்டு கயிற்றை."

"இப்பவேங்களா?" மல்லப்பனுக்கு முகமெல்லாம் பல். "நல்ல மனசுங்க சாமிக்கு."

கயிற்றைக் கட்டினான். ஸ்ரீகண்டன் ஏறி உட்கார்ந்தார். காமாக்ஷி தேங்காய்த் தட்டோடு பின்னால் ஏறினாள்.

"நீங்க எதுக்கம்மா?"

"வழியனுப்ப வேண்டாமா? ஓட்டு."

மாடுகள் இழுத்தன. பீர்க்கங்கொடி அறுந்தது. ஸ்ரீகண்டன் கியரைப் போட்டு வைத்திருந்தார்; சக்கரம் சுற்றச் சுற்ற, கைப்பிடி இல்லாமலே எஞ்சினும் சுற்றியது. தெருக்கோடி திரும்பும்போது கார் இருமியது, தும்மியது, பிறகு உறுமியது. மாடுகள் திரும்பிப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஓடின. அவற்றைப் பிடித்து நிறுத்திக் கயிற்றை அவிழ்ப்பதற்குள் மல்லப்பனுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"இது மோசமுங்க சாமி!"

"இழுக்கச் சொன்னேன், இழுத்தே. இதுல என்ன மோசம்?"

மல்லப்பன் விடவில்லை, பின்னாலேயே வந்தான். ஸ்ரீரங்கப்பட்டணம் ஒன்பது மைல். கார் வேகத்துக்கு மாடுகள் மூன்று இடத்தில் நின்று புல் மேய்ந்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டன. இரண்டாவது மைலில் மட்கார்டு விழுந்தது. மல்லப்பன் எடுத்து வண்டியில் போட்டான். நாலாவது மைலில் ஒரு கதவு. ஆறாவதில், காமாக்ஷி காலை ஊன்றியிருந்த இடத்தில் தரை. அதன்பிறகு அவள் கொஞ்சதூரம் நடந்தாள், காருக்குள்ளிருந்தபடியே. எஞ்சின் சூட்டில் போன வழியெல்லாம் சந்தனம் மணந்தது. ரோட்டோரம் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பம்பு சொட்டக்கூட இல்லை.

உச்சிகாலத்துக்கு முன்பே தரிசனம் ஆயிற்று. அந்தி சாய்வதற்குள் வீட்டு வாசலுக்கு வந்தது எஞ்சின், நாலு சக்கரம், ஸ்டியரிங், இரண்டு சீட், தம்பதி. பின்னாலேயே மல்லப்பனின் மாட்டு வண்டி முனகிக்கொண்டு வந்து நின்றது.

"அம்மா, நீங்களே நாயம் சொல்லுங்க. முக்காக் காரு எங்கிட்டத்தானுங்க இருக்குது."

காமாக்ஷி இறங்கினாள். முன்னால் நின்றதைப் பார்த்தாள். பின்னால் நின்றதைப் பார்த்தாள்.

"வண்டி போய்ட்டு ஆத்துக்கு வந்துடுத்து, மல்லப்பா. மீதியையும் இறக்கி வை."